லென்ஸும் பிம்பமும்: மெய் எது, மாயம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். ஒளியியல் பாடம் வந்துவிட்டால் வருஷா வருஷம் அதே கேள்விகள்தான் வரும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்றபடி கேட்பார்கள், பெரும்பாலும் தங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டி. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி, மெழுகுவர்த்தி, வெள்ளைத் தாள், ஸ்கேல் இருந்தால் நல்லது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரணப் பூதக்கண்ணாடியே போதும். கணக்குகளுக்கெல்லாம் என்னிடம் இருக்கும் லென்ஸையே எடுத்துக்கொள்கிறேன். அதன் குவியத் தொலைவு, அதாவது தூரத்திலிருந்து இணையாக வரும் ஒளியை அது ஒரு புள்ளியில் சேர்க்கும் தொலைவு, 10 செ.மீ. இலங்கையில் படித்தவர்கள் லென்ஸை வில்லை என்றும் பிம்பத்தை விம்பம் என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

பிம்பம் என்றால் என்ன? சரியாகச் சொல்லுங்கள்.

மெழுகுவர்த்திச் சுடருக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாள் வெளிச்சமாக இருக்கும், ஆனால் அதில் சுடரின் படம் இருக்காது. ஏன்? சுடரின் நுனியிலிருந்து கிளம்பும் ஒளி தாள் முழுக்க விழுகிறது. அடியிலிருந்து கிளம்பும் ஒளியும் தாள் முழுக்க விழுகிறது. எல்லாம் எல்லா இடத்திலும் கலந்து கிடக்கிறது. படத்துக்கு வேண்டிய செய்தி அங்கே வந்து சேர்ந்துவிட்டது, பிரித்து அடுக்கத்தான் ஆளில்லை.

அந்த ஆள்தான் லென்ஸ். நுனியிலிருந்து விரிந்து வந்த ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கிறது. அடியிலிருந்து வந்ததை இன்னொரு புள்ளியில் சேர்க்கிறது. பொருளின் ஒரு புள்ளிக்கு இங்கே ஒரு புள்ளி என்று அடுக்கி முடித்தால் கிடைப்பதுதான் பிம்பம்.

ஒரு புள்ளியிலிருந்து கிளம்புவது ஒரு கோடு அல்ல, கூம்பு போல விரியும் ஒரு கற்றை. இதை மட்டும் மறக்காதீர்கள். கீழே வரும் பாதிக் குழப்பங்கள் இதை மறப்பதால் வருபவை.

மெய்ப்பிம்பம், மாயப்பிம்பம்: ஒரே வரியில் வித்தியாசம்?

லென்ஸைக் கடந்த பிறகு கதிர்கள் உண்மையாகவே ஒரு புள்ளியில் சந்தித்தால் மெய். சந்திக்காமல், ஏதோ ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியவை போல விரிந்து வந்தால், அந்தப் புள்ளியில் இருப்பது மாயம்.

திரையில் பிடிக்க முடிந்தால் மெய், முடியாவிட்டால் மாயம் என்றல்லவா படித்தோம்?

அது அடையாளம் கண்டுபிடிக்கும் வழி. அதையே இலக்கணமாக எடுத்துக்கொண்டால் ஒரு வம்பு வரும்: திரை இல்லாவிட்டால் மெய்ப்பிம்பமும் இல்லை என்று நினைக்கத் தோன்றும். நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

செய்து பாருங்கள். லென்ஸிலிருந்து 20 செ.மீ. தள்ளி மெழுகுவர்த்தி. மறுபக்கம் 20 செ.மீ. தள்ளி ஒரு டிரேசிங் தாள். தாளில் தலைகீழ்ச் சுடர் தெளிவாக விழும். இப்போது தாளுக்குப் பின்னால், அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, லென்ஸுக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு தாளை மெல்ல எடுத்துவிடுங்கள். சுடர் காணாமல் போகாது. முன்பைவிடப் பளிச்சென்று, தலைகீழாக, காற்றில் நிற்கும். கதிர்கள் அங்கே சந்தித்துவிட்டு மறுபடி விரிந்து உங்கள் கண்ணுக்கு வருகின்றன. அந்த இடத்தில் ஒரு நிஜச் சுடர் இருந்தால் எப்படி வருமோ அப்படி.

அப்படியானால் திரையின் வேலை என்ன? ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பது. திரை இருந்தால் அறையில் யார் எங்கே நின்றாலும் பார்க்கலாம். இல்லாவிட்டால் கற்றையின் வழியில் கண்ணை வைத்தவருக்கு மட்டும் தெரியும். கண் பிம்பத்துக்கு மிக அருகில் இருந்தாலும் மங்கும், 25 செ.மீ. ஆவது தள்ளி இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தில் கண்ணை லென்ஸோடு ஒட்டிக்கொண்டவர்கள்.

இந்தப் பிரிவினை பழையது. 1604-ல் வானியலாளர் ஜோஹன்னஸ் கெப்ளர் எழுதிய ஒளியியல் நூலில், தாளில் விழும் படத்துக்கு ‘பிக்டூரா’ என்றும், கண் பின்னோக்கிப் போய்க் கற்பித்துக்கொள்ளும் உருவுக்கு ‘இமாகோ’ என்றும் தனித்தனியாக லத்தீன் சொற்களை வைத்தார். நம் மெய்யும் மாயமும் அந்த ஜோடியின் வாரிசுகள். ஆனால் ‘மாயம்’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றுகிறது. மந்திரவாதி சமாச்சாரம் போல ஒலிக்கிறது. அந்த இடத்தில் ஒளி இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். உங்கள் கண்ணுக்கு வரும் ஒளி முழுக்க நிஜம்.

ஒரே லென்ஸ் ஒரு சமயம் மெய்ப்பிம்பமும் இன்னொரு சமயம் மாயப்பிம்பமும் தருவது எப்படி?

இதற்கு நீண்ட பதில்தான் சொல்ல வேண்டும். ஆனால் எந்தத் தொலைவுக்கு பிளஸ், எதற்கு மைனஸ் என்ற குறி விதிகள் எதுவும் வேண்டாம். கண்ணாடிக் கடையில் ‘பவர்’ என்கிறார்களே, அந்தக் கணக்கு போதும்.

100-ஐக் குவியத் தொலைவால், அதுவும் செ.மீ.-யில், வகுத்தால் பவர் வரும். அலகு டையாப்டர். என் லென்ஸுக்கு 100 ÷ 10, அதாவது 10 டையாப்டர். லென்ஸிடம் இருக்கும் சேர்க்கும் சக்தி இவ்வளவுதான், கூடாது, குறையாது.

வரும் ஒளிக்கும் அதே மாதிரி ஓர் எண் உண்டு. அருகில் இருக்கும் புள்ளியிலிருந்து வரும் கற்றை கடுமையாக விரிந்துகொண்டு வரும். தொலைவில் இருப்பதிலிருந்து வருவது ஏறக்குறைய இணையாக வரும். 100-ஐப் பொருளின் தொலைவால் வகுத்தால் அந்த விரிவு எவ்வளவு என்று தெரியும்.

இப்போது வரவு செலவு பாருங்கள். மெழுகுவர்த்தி 20 செ.மீ.-யில். விரிவு 5. லென்ஸிடம் 10 இருக்கிறது. 5-ஐ விரிவைச் சரிக்கட்டச் செலவழித்துவிட்டு, மீதி 5-ஐக் கொண்டு கதிர்களைக் குவிக்கிறது. 100 ÷ 5 = 20. மறுபக்கம் 20 செ.மீ.-யில் மெய்ப்பிம்பம்.

மெழுகுவர்த்தியை 15 செ.மீ.-க்குக் கொண்டுவாருங்கள். விரிவு 6.67, மீதி 3.33. பிம்பம் 30 செ.மீ.-க்குத் தள்ளிப்போய்விட்டது, இரண்டு மடங்கு பெரிதாகவும் ஆகிவிட்டது. 12 செ.மீ. என்றால் பிம்பம் 60-ல். 11 என்றால் 110-ல், அதாவது ஒரு மீட்டருக்கும் மேல். ஒரே ஒரு செ.மீ. நகர்த்தியதற்கு அரை மீட்டர் ஓட்டம்!

10-ல் விரிவும் 10. சேர்ப்பதற்கு மீதி ஒன்றுமில்லை. கதிர்கள் இணையாக வெளியேறுகின்றன. 5 செ.மீ.-க்கு வந்தால் விரிவு 20. லென்ஸ் தன் 10-ஐயும் கொட்டித் தீர்த்த பிறகும் 10 பாக்கி. கதிர்கள் விரிந்துகொண்டேதான் போகும், ஆனால் முன்பைவிட மெதுவாக: 5 செ.மீ.-யிலிருந்து கிளம்பியவை, 10 செ.மீ.-யிலிருந்து கிளம்பியவை போல. பொருள் இருக்கும் அதே பக்கத்தில், 10 செ.மீ.-யில், இரு மடங்கு பெரிதாக, நேராக ஒரு மாயப்பிம்பம்.

அவ்வளவுதான் விஷயம். சேர்க்கும் சக்தி போதுமானதாக இருந்தால் மெய், போதாவிட்டால் மாயம். லென்ஸ் இரண்டு முறையும் செய்தது ஒரே வேலை.

பொருளைக் குவியத்தில் (என் லென்ஸுக்கு 10 செ.மீ.-யில்) மிகச் சரியாக வைத்தால் பிம்பம் இருக்கிறதா, இல்லையா?

திரையில் எதுவும் விழாது. ஆனால் லென்ஸ் வழியாகக் கண்ணால் பாருங்கள், பொருள் அருமையாகத் தெரியும். இணைக்கதிர்களைச் சேர்த்துக்கொள்ளக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தயாராக இருக்கிறது. தூரத்து மலையைப் பார்ப்பது போல, கண்ணைச் சிரமப்படுத்தாமல் பார்க்கலாம். ‘பிம்பம் ஈறிலாத் தொலைவில் உருவாகிறது’ என்று பாடநூல் சொல்வது இதைத்தான். ‘பிம்பம் கிடையாது’ என்று எழுதுவதைவிட அது நல்ல விடை.

லென்ஸின் மேல் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பத்தில் பாதி போய்விடுமா?

போகாது. முழுப் பிம்பமும் இருக்கும், வெளிச்சம் பாதியாகும்.

புதிதாக வரும் ஒவ்வொரு குழுவிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி இது. லென்ஸ் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகளும் ‘பாதி போயிடும் சார்’ என்பார்கள். இது நம்மூர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் கோல்ட்பெர்க், மெக்டெர்மாட் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதையே கேட்டு 1987-ல் வெளியிட்ட ஆய்வு, இயற்பியல் ஆசிரியர்கள் நடுவில் பிரபலம். இயற்பியல் பாடம் முடித்துவிட்டு வந்தவர்களிலேயே பலரும் பாதிப் பிம்பம் மறையும் என்றுதான் சொன்னார்கள்.

என் கருத்தில் குற்றவாளி அந்தக் கதிர் வரைபடம். அம்பின் நுனியிலிருந்து இரண்டு கதிர், லென்ஸின் மேல் பகுதி வழியாக ஒன்று, நடுவில் ஒன்று என்று வரைந்து வரைந்து, ஒளியே அந்த இரண்டு கோடுகளில்தான் போகிறது என்று மனதில் படிந்துவிடுகிறது. மேல் பகுதியை மூடினால் ஒரு கோடு செத்தது, அப்புறம் பிம்பம் எங்கே வரும்? உண்மையில் அவை வரையச் சுலபமான கதிர்கள், வேறு பெருமை எதுவும் அவற்றுக்கு இல்லை. நுனியிலிருந்து வரும் கூம்பு லென்ஸ் முழுவதையும் நிரப்புகிறது. லென்ஸின் ஒவ்வொரு துண்டும் தனியாகவே முழுப் பிம்பத்தையும் உண்டாக்க வல்லது.

மொபைல் கேமராவின் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தால் எடுக்கும் படங்களில் எல்லாம் கீறல் தெரிகிறதா? இல்லை, படம் கொஞ்சம் புகைந்த மாதிரி வரும், அவ்வளவுதான். பெரிய கேமராக்களில் துளையைச் சுருக்கினாலும் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுவதில்லை, வெளிச்சம் குறைகிறது. வெயிலில் நம் கண்மணி சுருங்குவதும் இதே கதை.

போன வருஷம் ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, பூதக்கண்ணாடியைப் புத்தகத்தின் மேல் பிடித்து, பாதியை விரலால் மறைத்து, ‘சார், எனக்குப் பாதி எழுத்து மறையுதே’ என்றாள். நல்ல மடக்கு! அங்கே மறையத்தான் செய்யும். பூதக்கண்ணாடியை நாம் திரையில்லாமல் நேரடியாகக் கண்ணால் பார்க்கிறோம். கண்மணியின் துளை சில மி.மீ.தான். ஓர் எழுத்திலிருந்து லென்ஸ் முழுக்க ஒளி விழுந்தாலும், கண்மணிக்குள் நுழைவது லென்ஸின் ஒரு சின்ன வட்டத்தைக் கடந்து வந்த ஒளி மட்டும். அந்த வட்டத்தை மறைத்தால் அந்த எழுத்து போயிற்று. பிம்பம் அங்கேயேதான் இருக்கிறது, உங்கள் கண் நிற்கும் இடத்துக்கு அதன் ஒளி வந்து சேரவில்லை. தலையை நகர்த்தினால் மறைந்த எழுத்து வரும்.

மெய்ப்பிம்பம் ஏன் தலைகீழாக இருக்கிறது?

லென்ஸின் நடுவைக் கடக்கும் கதிர் வளையாமல் நேராகப் போகிறது. மேலிருந்து வந்தது கீழே போகும், கீழிருந்து வந்தது மேலே போகும், இடது வலது மாறும். பொருளும் பிம்பமும் லென்ஸின் இரு பக்கங்களில் இருந்தால் இந்தக் குறுக்குவெட்டைத் தவிர்க்க முடியாது. மாயப்பிம்பத்தில் இரண்டும் ஒரே பக்கம், எனவே நேராக நிற்கிறது.

ஆனால் ‘தலைகீழ் என்றால் மெய், நேர் என்றால் மாயம்’ என்பதைத் தனி லென்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லென்ஸ் சேர்ந்தால், முதல் லென்ஸ் கவிழ்த்ததை இரண்டாவது நிமிர்த்தி, நேரான மெய்ப்பிம்பம் தர முடியும்.

திரையில் விழாத மாயப்பிம்பத்தைப் புகைப்படம் எடுக்க முடியுமா?

தினமும் எடுக்கிறீர்களே! முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று எடுக்கும் செல்ஃபி மாயப்பிம்பத்தின் படம்தான். கேமராவுக்கு வேண்டியது விரிந்து வரும் ஒளி. அதைத் தன் லென்ஸால் சேர்த்து, உள்ளே இருக்கும் சென்சாரில் மெய்ப்பிம்பமாக்கிக்கொள்கிறது. கண்ணாடிக்கு 1 மீட்டர் முன்னால் நின்றால் கேமரா 2 மீட்டருக்குத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் 1 மீட்டரில் இருப்பதால். 1 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால் கண்ணாடி மேல் இருக்கும் தூசிதான் தெளிவாக வரும்.

பூதக்கண்ணாடியால் தாளை எரிக்கும்போது விழும் புள்ளி பிம்பமா?

ஆம், சூரியனின் மெய்ப்பிம்பம். ‘கதிர்கள் குவியும் புள்ளி’ என்று படித்துவிட்டு அதை வெறும் புள்ளியாகவே நினைக்கிறோம். உற்றுப் பார்க்கக் கூடாது, கண் கூசும். ஆனால் அது ஒரு குட்டி வட்டம். சூரியனின் விட்டம், அது இருக்கும் தொலைவில் சுமார் 107-ல் ஒரு பங்கு. பிம்பத்தின் விட்டமும் குவியத் தொலைவில் அதே பங்கு. 10 செ.மீ. லென்ஸுக்கு ஒரு மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. பகுதி சூரிய கிரகணத்தன்று அந்தப் ‘புள்ளி’ பிறை வடிவத்தில் விழும்.

குவியத் தொலைவு கூடக் கூடப் பிம்பம் பெரிதாகும். இதன் உச்சத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்குக் கொடைக்கானல். 1899-ல் தொடங்கிய அங்குள்ள சூரிய வானாய்வகத்தில் ஒரு சுரங்கத் தொலைநோக்கி இருக்கிறது. 11 மீட்டர் கோபுரத்தின் மேல் உள்ள ஆடி, சூரிய ஒளியைப் பிடித்துக் கீழே இறக்குகிறது. அது 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் கிடைமட்டமாகத் திரும்புகிறது. அங்கே 38 செ.மீ. விட்டமுள்ள ஒரு லென்ஸ், குவியத் தொலைவு சுமார் 36 மீட்டர். 36 மீட்டரை 107-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 34 செ.மீ. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய சூரியன், அதன் கரும்புள்ளிகளோடு, சுரங்கத்துக்குள் வந்து விழுகிறது. மெய்ப்பிம்பத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். தாளை எரிக்கும் அதே பிம்பம் விழித்திரையில் விழும்.

மூக்குக்கண்ணாடி தருவது மெய்யா, மாயமா?

மாயம். பிளஸ் பவரோ மைனஸ் பவரோ, அணிந்து பார்க்கும்போது உங்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எந்த மெய்ப்பிம்பமும் உருவாவதில்லை. அது உருவாக இடமும் இல்லை.

முதலில் நாற்பதைத் தாண்டியவர்களின் பிளஸ் கண்ணாடி. ஒருவரால் 50 செ.மீ.-க்கு அருகில் எதையும் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிப்பவர். அவருக்கு +2 கொடுக்கிறார்கள். தாள் 25 செ.மீ.-யில் இருக்கிறது, விரிவு 4. கண்ணாடி அதில் 2-ஐக் குறைத்துவிடுகிறது. மீதி 2 விரிவோடு ஒளி கண்ணுக்கு வருகிறது, 50 செ.மீ.-யிலிருந்து வந்தது போல. அது அவர் கண்ணால் முடிகிற காரியம். எழுத்தை 25-லிருந்து எடுத்து 50-ல் நிறுத்திக் காட்டுவதுதான் கண்ணாடியின் சேவை.

கிட்டப்பார்வைக்காரருக்குத் தலைகீழ்ச் சிக்கல். 50 செ.மீ.-க்கு அப்பால் எல்லாம் மங்கல். அவருக்கு –2, அதாவது நடு மெலிந்த குழிலென்ஸ். தூரத்து ஒளி இணையாக, விரிவே இல்லாமல் வருகிறது. லென்ஸ் அதற்கு 2 விரிவைக் கூட்டிவிடுகிறது. இப்போது அது 50 செ.மீ.-யிலிருந்து வந்தது போலிருக்கும். யோசித்துப் பார்த்தால் வேடிக்கை: அந்த –2 கண்ணாடி நிலாவையே பிடித்துக்கொண்டுவந்து அரை மீட்டர் தூரத்தில் நிறுத்துகிறது. நிலா கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றாததற்குக் காரணம், பிம்பமும் அதே அளவுக்குக் குட்டியாகிவிடுவது. கண்ணில் அது அடைக்கும் கோணம் மாறுவதில்லை.

இரண்டு பேருக்குமே கடைசி மெய்ப்பிம்பம் விழித்திரையில் விழுகிறது. மனிதக் கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டையாப்டர், அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கும் கருவிழிப் படலத்தினுடையது. அதன் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியின் 2 டையாப்டர் சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறை இல்லாமல் பஸ்ஸின் நம்பர் தெரியாது.

என் கண்ணாடியின் பவரை வீட்டிலேயே பார்க்கலாமா?

பிளஸ் என்றால் பார்க்கலாம். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் அருகே நின்று, கண்ணாடியைச் சுவருக்கு முன் பிடித்து நகர்த்துங்கள். வெளியே இருக்கும் மரமோ எதிர்வீடோ சுவரில் தலைகீழாகத் தெளியும் இடத்தில் நிறுத்தி, சுவருக்கும் லென்ஸுக்கும் இடைவெளியை அளந்து 100-ஐ அதால் வகுத்தால் பவர். மின்விளக்கை வைத்துச் செய்தால் விளக்கு குறைந்த தூரத்தில் இருப்பதால் பிம்பம் தள்ளி விழும், பவர் குறைத்துக் காட்டும். 3 மீட்டரில் இருக்கும் விளக்கென்றால் வந்த விடையோடு 0.33 கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஒருமுறை பேருந்து நிலைய நடைபாதையில் ‘+1.50’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி வாங்கினேன். ஒரு வாரம் தலைவலி. அளந்தால் இடைவெளி 67 செ.மீ. வர வேண்டும், வந்தது 50. ஸ்டிக்கர் ஒன்று, லென்ஸ் வேறு. கண் பரிசோதனைக்கு இது மாற்று அல்ல, ஸ்டிக்கரை நம்பலாமா என்று பார்க்க உதவும்.

மைனஸ் கண்ணாடியில் இந்த வேலை நடக்காது. சுவரில் நிழல்தான் விழும்.

குழிலென்ஸ் எப்போதுமே மாயப்பிம்பம்தானா?

எதிரே ஒரு நிஜப் பொருள் இருந்தால், எப்போதும் மாயம், நேர், சிறிது. கதவில் பதிக்கும் ‘டோர் வியூவர்’ அதனால்தான் வெளிப்பக்கம் குழிலென்ஸ் வைத்திருக்கிறது. வாசலில் நிற்கும் முழு ஆளும் குட்டியாகி அந்தத் துளைக்குள் அடங்கிவிடுகிறார்.

ஆனால் ஏற்கனவே குவிந்துகொண்டிருக்கும் ஒளியின் குறுக்கே குழிலென்ஸை வைத்தால், அது குவிவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். பவர் குறைவாக இருந்தால் கதிர்கள் அதன் பிறகும் சந்திக்கவே செய்யும். அப்போது குழிலென்ஸுக்குப் பின்னாலும் மெய்ப்பிம்பம் விழும். தேர்வில் ‘ஒருபோதும் தராது’ என்று எழுதச் சொன்னால் ‘மெய்ப்பொருளுக்கு’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள்.

தொலைநோக்கியில் நாம் பார்ப்பது எந்தப் பிம்பம்?

கெப்ளர் 1611-ல் விவரித்த வகையில் இரண்டும் உண்டு. முன்னால் இருக்கும் பெரிய குவிலென்ஸ், நிலாவின் மெய்ப்பிம்பத்தைக் குழாய்க்குள் காற்றில் உண்டாக்குகிறது. கண்ணருகே உள்ள சிறிய குவிலென்ஸ் அதைப் பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கி மாயப்பிம்பமாகக் காட்டுகிறது. நிலா தலைகீழாகத் தெரியும், வானத்துக்கு அதனால் நஷ்டமில்லை.

1609-ல் கலிலியோ பயன்படுத்தியது வேறு. கண்ணருகே குழிலென்ஸ். கதிர்கள் சந்திப்பதற்கு முன்பே அது குறுக்கிடுவதால் குழாய்க்குள் மெய்ப்பிம்பமே உருவாவதில்லை. உருவம் நேராகத் தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு குறுகல்.

உள்ளே மெய்ப்பிம்பம் இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. அது நிற்கும் இடத்தில் ஓர் இழையை வைத்தால், இழையும் நட்சத்திரமும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். 1640-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வில்லியம் காஸ்கோயின் இதைக் கண்டுகொண்டார்; ஒரு சிலந்தி குழாய்க்குள் கட்டிய நூல் கண்ணில் பட்டதுதான் தொடக்கம் என்பார்கள். நில அளவைக் கருவிகளில் நடுவில் தெரியும் குறுக்குக் கோடு இதன் வழித்தோன்றல். கலிலியோ வகையில் அதற்கு வழியே இல்லை.

ஆய்வகத்தில் லென்ஸை எவ்வளவு நகர்த்தியும் திரையில் பிம்பம் வரவில்லை. லென்ஸ் சரியில்லையா?

மெழுகுவர்த்திக்கும் திரைக்கும் இடைவெளியை அளந்தீர்களா? அது குவியத் தொலைவின் நான்கு மடங்குக்குக் குறைவாக இருந்தால், தலைகீழாக நின்றாலும் பிம்பம் வராது. 10 செ.மீ. லென்ஸுக்கு 40 செ.மீ. குறைந்தபட்சம். நான் மாணவனாக இருந்தபோது 35 செ.மீ. வைத்துவிட்டு ஒரு பீரியட் முழுக்க லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

50 செ.மீ. வைத்தால் இரண்டு இடங்களில் பிம்பம் தெளியும்: லென்ஸ் மெழுகுவர்த்தியிலிருந்து 13.8 செ.மீ.-யில் இருக்கும்போது பெரிதாக, 36.2-ல் இருக்கும்போது சிறிதாக. ஒன்றைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு இடங்களுக்கும் உள்ள இடைவெளி 22.4. 50-இன் வர்க்கத்திலிருந்து இதன் வர்க்கத்தைக் கழித்து, 50-இன் நான்கு மடங்கால் வகுத்தால் குவியத் தொலைவு கிடைக்கும். லென்ஸின் நடு எங்கே என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் விடை சரியாக வருவது இந்த முறையின் அழகு.

தண்ணீருக்குள் லென்ஸ் வேலை செய்யுமா?

செய்யும், பலவீனமாக. ஒளி வளைவது, கண்ணாடியிலும் சுற்றியிருப்பதிலும் அது போகும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தால். காற்றைவிடத் தண்ணீர் கண்ணாடியை நெருங்கியது என்பதால் குவியத் தொலைவு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். கிணற்றில் முங்கிக் கண் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதும் இதே காரணத்தால்: கருவிழிப் படலம் தன் பவரைக் கிட்டத்தட்ட முழுவதும் இழந்துவிடுகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் முன்னால் மறுபடி காற்று வந்துவிடுகிறது, பார்வையும் திரும்பி வருகிறது.

விழித்திரையில் பிம்பம் தலைகீழ் என்றால் உலகம் ஏன் நேராகத் தெரிகிறது?

விழித்திரையில் தலைகீழாகத்தான் விழுகிறது என்று முதலில் தெளிவாகச் சொன்னதும் 1604-இன் கெப்ளர்தான். விழித்திரையைப் பார்க்க உள்ளே இன்னொரு கண் கிடையாது. விழித்திரையின் அடிப்பகுதியில் ஒளி பட்டால் ‘மேலே ஏதோ இருக்கிறது’ என்று மூளை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் இதைச் செய்யுங்கள். ஓர் அட்டையில் ஊசித்துளை போட்டு, வெளிச்சமான வானத்தைப் பார்த்தபடி (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம்) கண்ணுக்கு 4 செ.மீ. முன்னால் பிடியுங்கள். அட்டைக்கும் கண்ணுக்கும் நடுவில், கண்ணை ஒட்டாமல், ஒரு தீக்குச்சியை மருந்து முனை மேலிருக்கும்படி கீழிருந்து மெல்ல உயர்த்துங்கள். குச்சி அவ்வளவு அருகில் இருப்பதால் கண்ணின் லென்ஸால் அதன் பிம்பத்தை உண்டாக்க முடியாது. விழித்திரையில் விழுவது அதன் நிழல் மட்டும், அதுவும் கவிழாமல் நேராக. ஆனால் மூளை வழக்கப்படி அதையும் புரட்டிவிடும். நீங்கள் கீழிருந்து உயர்த்தும் குச்சி, மேலிருந்து தலைகீழாக இறங்கி வரும்.